குறி மாற்றாத பட்டி

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், நினைவுத் திருப்பலிக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கும் உறவுகள், நண்பர்கள், அயலவர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நினைவு மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் தங்கமானவர்களாகவே இருப்பார்கள். என் அப்பாவும் நல்லவர்தான். ஆனால் அவரோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமாக இருக்கவில்லை என்பதை, அம்மாவின் அனுமதியோடு முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அப்பா மன்னார்க் கரையோரத்துக் கிராமமொன்றில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்ததும் அப்பப்பா வலையை விட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வன்னியில் துணுக்காய்ப் பக்கம் வந்தார். அப்போது அப்பா கைக்குழந்தை. காடு வெட்டி, குளத்துத் தண்ணீரை நம்பி, நெல் விதைத்து வளர்ந்த குடும்பம். அப்பாவின் படிப்பு பாதியில் நின்றது. ஆனால் சின்ன வயதில் கோயிலில் படித்த ஞானோபதேசம் அவருக்கு வரிக்கு வரி மனப்பாடம். அதிலும் ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற ஏழாம் கற்பனையில் அவருக்கு ஒரு தனிப் பிடிவாதம். களவு என்பது என்ன, எது களவில்லை என்று வயல் வரம்பில் நின்றுகொண்டு மணிக்கணக்காகக் கதைப்பார். கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் வேலை கிடக்கிறதென்று மெல்ல நழுவிவிடுவார்கள்.

அம்மாவைக் கைப்பிடித்தபோது அப்பாவிடம் இருந்தது வயலும் ஒரு சிறு மாட்டுப் பட்டியும். நானும் தம்பியும் அந்தப் பாலில்தான் வளர்ந்தோம். கடைசி யுத்தத்தில் அந்தப் பட்டியைக் காட்டோடு விட்டுவிட்டு ஓடினோம். ஓடிய வழியில், ஆட்கள் இல்லாத வீடொன்றின் குசினிக்குள் புகுந்து, பானையில் கிடந்த அரிசியை அப்பா எடுத்துவந்தார். அதைக் கஞ்சியாக்கி நாங்கள் குடித்தோம். அதற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. “பசிச்ச பிள்ளைக்கு எடுக்கிற அரிசி களவில்லை. அது அந்தப் பிள்ளையின்ர அரிசிதான்” என்பார். அவரை வெறும் பயந்தாங்கொள்ளிப் பக்தர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மீள்குடியேறி வந்தபோது எங்கள் வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. கூரைத் தகரங்களைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கொட்டிலின் மேல் கண்டோம். தகரத்தின் விளிம்பில் அப்பா பூசிய பச்சைப் பெயின்ற் அப்படியே இருந்தது. உள்ளே இரண்டு கைக்குழந்தைகள் படுத்திருந்தன. அப்பா வாசலில் நின்று அந்த வீட்டுக்காரரோடு மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். நாங்கள் தறப்பாளின் கீழ்தான் அந்த மாரியைக் கழித்தோம்.

அந்த மாரியில்தான் சிவலைப் பசு வந்தது. காட்டுப் பக்கமிருந்து, மடியில் பால் கட்டி, கத்திக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்தொடையில் குறி இருந்தது, இரண்டு வளையமும் கீழே ஒரு கோடும். வன்னியில் மாட்டின் தொடையில் சுடும் குறிதான் அது யாருடையது என்பதற்கு உறுதிப் பத்திரம். எங்கள் பகுதியில் அந்தக் குறி யாருக்கும் தெரியவில்லை. அது எந்த ஊரிலிருந்து கலைபட்டு வந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்த நாட்களில் காடு முழுக்கச் சொந்தக்காரரை இழந்த மாடுகள் திரிந்தன. பிடித்தவர்கள் பழைய குறியின் மேல் தங்கள் குறியைச் சுட்டார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, எல்லோரும் இழந்திருந்தோம்.

அப்பா பாலைக் கறந்து எங்களுக்குத் தந்தார். குறியை மட்டும் தொடவில்லை. சிவலை கன்று போட்டது. அந்தக் கன்று வளர்ந்து அதுவும் போட்டது. குறியில்லாத கன்றை எவரும் தன்னுடையது என்று ஓட்டிப்போகலாம், ஆகவே ஏதாவதொரு குறி சுட்டே ஆகவேண்டும். அப்பா துணுக்காயில் ஒரு கொல்லரைப் பிடித்து, இரண்டு வளையமும் கோடும் உள்ள கம்பி செய்வித்து, முகம் தெரியாத அந்த மனிதரின் குறியையே எல்லாக் கன்றுகளுக்கும் சுட்டார்.

ஊர் சிரித்தது. பிறகு சந்தேகப்பட்டது. அடுத்தவன் குறிக்குக் கம்பி செய்பவன் மாட்டுக் கள்ளனாகத்தானே இருக்கவேண்டும்? யாரோ முறையிட, கிராம சேவகரான விதானையார் வந்து பட்டியைப் பார்த்தார்.

“அப்ப உம்முடைய மாட்டுக்கு நீர் அவன்ர குறியைச் சுட்டிருக்கிறீர்?”

“என்ர மாடில்லை ஐயா. அவற்ற மாட்டின்ர கன்று அவற்றதான்.”

விதானையார் தலையைச் சொறிந்தார். “கள்ளன் எண்டால் இதை மற்றப் பக்கமாயெல்லோ செய்வான்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “எங்கட தகரம் ஊருக்குப் பொது. ஊரார்ர மாடு மட்டும் ஊராருக்கே சொந்தமோ? இது எந்த ஞானோபதேசத்திலை இருக்கு?” என்று கேட்பா. எங்கள் பகுதியில் வாரத்துக்கு மாடு வளர்க்கும் வழக்கம் உண்டு. ஒருவர் மாட்டை இன்னொருவர் மேய்த்து வளர்த்தால், பிறக்கும் கன்றுகளில் பாதி வளர்த்தவருக்கு. அந்தக் கணக்கிலாவது பாதியை எடுங்கள் என்று அம்மா வாதாடுவா. “அது அவர் மாட்டைக் கையிலை பிடிச்சுத் தந்தால்தான் வாரம். கேளாமல் எடுத்தால் அதுக்கு வேறை பேர்” என்று அப்பா எழுந்து போய்விடுவார். வருடாவருடம் இதே சண்டை, வசனம்கூட மாறாது.

அப்பா சொந்தக்காரரைத் தேடாமலும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அறிவிக்கச் சொல்லி ஒவ்வொரு பங்குக் கோயிலாகச் சென்றார். மடு மாதா திருவிழாவில் கூடாரம் கூடாரமாக விசாரித்தார். ஒருவரும் வரவில்லை.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இருதயக் குழாய்களில் அடைப்பு, சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வர நெடுநாள் ஆகும், அவ்வளவு காலம் பொறுக்கமுடியுமென்று வைத்தியருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அதற்குக் காசில்லை. வயல் அரசாங்க அனுமதிப் பத்திரக் காணி, விற்கமுடியாது. நெல் விற்ற காசில் அப்பா பிறகு வாங்கிச் சொந்தக் குறி சுட்ட சில மாடுகளைத் தம்பி விற்றான், அந்தக் காசு சோதனைகளுக்கும் பயணங்களுக்கும் போய்விட்டது. பட்டியில் மிச்சம் நின்றதெல்லாம் வளையக் குறி மாடுகள், கொழுத்த நாம்பன் காளைகள். அரசாங்க நிதியுதவி போக மிச்சத்துக்கு இரண்டு மூன்றை விற்றாலே போதும். அப்பா முடியாது என்றார்.

நான் அழுதேன், தம்பி சத்தம் போட்டான். அம்மா பங்குச் சுவாமியைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினா.

“சுவாமி, களவு எது, களவில்லாதது எது எண்டு இவருக்கு நீங்களே விளங்கப்படுத்துங்கோ. நான் சொன்னால் ஏறாது.”

சுவாமி இளையவர், அமைதியானவர். “ஐயா, உலகத்திலை உள்ளதைக் கடவுள் எல்லாருக்குமாத்தான் படைச்சவர். தனிச்சொத்து எண்ட உரிமை நியாயமானதுதான், ஆனா அது அதுக்குப் பிறகுதான். உயிர் போற அவசரத்திலை, வேறை வழியில்லாமல் மற்றவரின்ர பொருளை எடுத்துப் பாவிச்சால் திருச்சபை அதைக் களவு எண்டு சொல்லேல்லை” என்றார்.

“தெரியும் சுவாமி. அப்பிடித்தான் அண்டைக்கு அரிசி எடுத்தனான். அண்டைக்குக் கேக்க ஆளுமில்லை, நேரமுமில்லை. இண்டைக்கு எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு.”

“இவ்வளவு காலம் தேடியும் ஆள் கிடைக்கேல்லையே?”

“அந்த மனுசன் என்னைவிட மோசமாய்க் கிடந்தால் என்ன செய்யிறது? அவற்ற பிள்ளையும் எங்கையோ ஒரு ஒப்பரேசனுக்குக் காத்துக்கொண்டு கிடந்தால்?”

சுவாமி தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். “அதே நிலையிலை இருக்கிறவரிட்டை எடுக்கேலாது. அதுவும் திருச்சபைப் படிப்பினைதான்” என்று ஒப்புக்கொண்டு தேநீரைக் குடித்தார். அம்மா அன்று சுவாமியோடும் கோபித்துக்கொண்டா.

ஆனால் அவர் போனபிறகு அம்மா அப்பாவின் கட்டிலருகே வந்து இருந்தா. “ஒண்டு கேக்கிறன். நீங்கள் எங்கையெங்கை விசாரிச்சனீங்கள்?”

அப்பா ஒவ்வொரு கோயிலாகச் சொல்லிக்கொண்டே போனார்.

“எல்லாம் எங்கட கோயிலாத்தானே கிடக்கு? ஒரு பிள்ளையார் கோயிலிலை கேட்டனீங்களோ? ஒரு வைரவர் கோயில்? எங்களை மாதிரி வேதக்காரர் மட்டுந்தானோ வன்னியிலை மாடு வளத்தவை?”

அப்பா கட்டிலில் எழும்பி இருந்தார். எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் உலகமெல்லாம் பங்குக்குள்ளேயே இருந்தது. நல்லது கெட்டது எல்லாவற்றையும் பூசை முடிந்து அறிவித்தே பழகியவர்கள் நாங்கள். அப்பாவோடு சேர்ந்து நாங்கள் ஒருவருமே அதைத் தாண்டி யோசிக்கவில்லை.

அந்தக் கிழமையே பிள்ளையார் கோயில் திருவிழா. அம்மா நேரே ஒலிபெருக்கிக்காரரிடம் போனா. பக்திப் பாட்டுகளுக்கு நடுவே, இரண்டு வளையமும் கீழே ஒரு கோடும் குறியாக உள்ள மாடுகள் நிற்கும் இடம் அறிவிக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வளையல் விற்கும் காப்புக்கடை போட வந்திருந்த ஒருவர் கடையை அப்படியே விட்டுவிட்டு எழும்பி வந்தார். அது தங்கள் பழைய ஊரில் வண்டில் ஓட்டிய ஒருவரின் குறி என்றார். அவர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர், கடைசி யுத்தத்தில் மாடுகளை அவிழ்த்துவிடப் போனவர் திரும்பவில்லை. மனைவி இப்போது வவுனியாவில் நெளுக்குளத்தில் மகளோடு இருக்கிறா.

செய்தி கேட்டு அந்த நெளுக்குளத்து அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினா. யாரோ ஏமாற்றப்போகிறார்கள் என்ற இறுக்கம் முகத்தில் இருந்தது. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் நேரே பட்டிக்குப் போனா. கிழட்டுச் சிவலையின் தொடையைத் தடவினா. பிறகு ஓர் இளம் நாகுப் பசுவின் தொடையையும் தடவிப் பார்த்தா.

“இது அவரு சுட்ட குறி இல்லீங்க. இது புதுசு.”

“நான் சுட்டது அம்மா. குறி உங்கடதான்” என்றார் அப்பா.

அக்கா பட்டியைச் சுற்றிப் பார்த்தா. எல்லாத் தொடையிலும் தன் கணவரின் குறி. அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. “அவரு போனதோட அவருதுன்னு சொல்ல ஒண்ணுமே இல்லாம போச்சுன்னு நெனச்சேன்” என்று அழுதா. அம்மாதான் போய்த் தூக்கி அணைத்தா.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் கேட்டார். வாழ்நாளில் ஒருவரிடம் ஒரு சாமானும் இரவல் கேட்காத மனிதர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “எனக்கு ஒரு ஒப்பரேசன் செய்யவேணும். உங்களுக்கு இடைஞ்சல் இல்லையெண்டால், இதிலை ரெண்டு நாம்பனைத் தருவீங்களோ?”

“என்னாங்க கேக்கிறீங்க? இத்தன வருசம் மேச்சிருக்கீங்க. வாரத்துக்கு வுட்டிருந்தா பாதி உங்களுதுதானே?”

“நீங்கள் வாரத்துக்கு விடேல்லையே அம்மா.”

“இப்ப வுடுறேன். அன்னைக்கே வுட்டதா வச்சுக்குங்க.”

அப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நாம்பன்கள் விற்கப்பட்டன, சத்திரசிகிச்சை நடந்தது. ஆனால் இருதயம் ஏற்கனவே களைத்துப்போயிருந்தது, முன்பே வந்திருக்கலாம் என்றார் வைத்தியர். அதற்குப் பிறகு ஒரு பெரும்போக அறுவடையை மட்டும் அப்பா கண்டார். எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. கேட்காமலே விற்றிருந்தால் இந்தத் திருப்பலியில் அப்பா எங்கள் பக்கத்தில் இருந்திருக்கக்கூடும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த அறுவடைக் காலம் முழுக்க அவர் நன்றாக உறங்கினார் என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும். நோயிற்பூசுதல் திருவருட்சாதனம் பெற்று, செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அமைதியாக மூச்சை விட்டார்.

நோயிலும் மறைவிலும் எங்களோடு நின்ற பங்குச் சுவாமிக்கும், வவுனியாவிலும் கொழும்பிலும் அப்பாவைப் பராமரித்த வைத்தியர்கள் தாதியருக்கும், கல்லறைத் தோட்டமான சேமக்காலை வரை பெட்டியைத் தோளில் சுமந்த ஊர் இளைஞர்களுக்கும், செத்தவீட்டுச் சமையலைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட பிள்ளையார் கோயிலடி அயலவருக்கும், காப்புக்கடை அண்ணாவுக்கும் எங்கள் நன்றி. நெளுக்குளத்து அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் அவா கோபித்துப் பேசுவா. அவாவின் மாடுகள் இன்றும் எங்கள் பட்டியில் வாரத்துக்கு நிற்கின்றன.

போன கிழமை ஒரு கன்றுக்குக் குறி சுடும் பருவம் வந்தது. வார முறைப்படி அது எங்கள் பாதியில் வரும் கன்று. தம்பி அப்பாவின் சொந்தக் குறிக் கம்பியை எடுத்து நெருப்பில் வைத்தான். கம்பி சிவந்து வரும்போது, இத்தனை வருடமும் இந்த மாடுகளுக்காக அப்பாவோடு சண்டை பிடித்த அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தா.

“அவாவைக் கேட்டனியோ?”

“எங்கட முறைதானேயம்மா. இதையும் கேக்கவேணுமே?”

“கேள்.”

தம்பி கம்பியை நெருப்பிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்துவிட்டு, நெளுக்குளத்துக்கு அழைப்பெடுத்தான்.

— மகள்