நோண்டி போட்ட எடை

புதுச் சாமான் எது கைக்கு வந்தாலும் அதை முதலில் சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்பான் நோண்டி. எதையும் திருப்புளி கொண்டு நோண்டாமல் விடமாட்டான் என்பதால் வந்த பெயர். லிப்ட் கம்பெனியில் புகார் போன் எடுப்பது அவனுக்குச் சோறு போடும் வேலை. "லிப்ட் ஓடலை" என்று கத்துகிறவர்களில் பாதிப் பேர் கதவைச் சரியாகச் சாத்தாதவர்கள் என்று கண்டுகொண்ட பிறகு, யார் எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று இழுப்பது அவனுக்குப் பழகிவிட்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதனால் வீட்டில் கரண்ட் போனாலும் அவனைத்தான் கேட்பார்கள். மிச்ச நேரத்தில் புது மவுஸ், புது இணையதளம் என்று எதையாவது துருவிப் பார்த்து, 'முதல் பார்வை' என்ற தலைப்பில் தன் வலைப்பக்கத்தில் எழுதுவான்.

அன்றைக்கு அவன் கையில் இருந்தது கறுப்பாய், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாய் ஒரு டிரைவ். அக்கா வீட்டு முன்னறையில் நடத்தும் போட்டோ ஸ்டுடியோவின் பழைய கம்ப்யூட்டர் கழுத்துவரை நிரம்பிவிட்டது. அதை வாங்கிக்கொள்ள ஒருவர் சாயங்காலம் வருவதாக இருந்தது. இத்தனை வருஷத்து வாடிக்கையாளர் படங்களையும் புது டிரைவுக்கு மாற்றியாகிவிட்டது. பழையதில் இருப்பதை அழிப்பதுதான் பாக்கி. அழித்துக் கம்ப்யூட்டரையும் கொடுத்துவிட்டால் போனது போனதுதான்.

டிரைவைப் பாதி விலைக்கு ஆன்லைனில் பிடித்த பெருமை அக்கா வீட்டுக்காரருக்கு.

"என்ன மச்சான், நாடி பிடிச்சுப் பாக்கறியா?"

"இத்தனூண்டுல அவ்வளவும் கொள்ளுமா மாமா?"

"நீ ஒல்லிக்குச்சிதான். ரெண்டு ஆள் சாப்பாடு உனக்குள்ள போகலை?"

அக்கா சிரித்தாள். நோண்டி சிரிக்கவில்லை. தராசில் வைத்தான். பெட்டியில் அச்சடித்திருந்த எடையே வந்தது. "போலின்னா லேசா இருக்கும். இது சரியாத்தான் இருக்கு" என்றான் அரைமனதாக.

"அது மட்டுமா? இதையும் பாரு." மாமா டிரைவைத் தன் லேப்டாப்பில் சொருகி, பெட்டியில் போட்டிருந்த இணையதளத்தைத் திறந்து ஒரு பட்டனை அழுத்தினார். வட்டம் சுற்றியது. 'உங்கள் டிரைவ் மிக நல்ல நிலையில் உள்ளது' என்று பச்சை டிக் விழுந்தது.

ஒரு வலைப்பக்கம் எப்படி டிரைவுக்குள் எட்டிப் பார்க்கும் என்று நோண்டிக்கு உறுத்தியது. ஆனால் பொருள் பார்க்க அத்தனை அழகு. விரல் ரேகைகூட ஒட்டவில்லை. எடையும் சரி.

"அழிக்கட்டுமாடா?" பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டாள்.

"ம்... அழி."

வலைப்பக்கத்தில் போட ஒரு படம் எடுக்கலாம் என்று டிரைவைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனான். கை சும்மா இருக்குமா? போகிற போக்கில் லேப்டாப்பில் அந்தப் பட்டனை இன்னொரு தட்டு தட்டினான். வட்டம் சுற்றியது. 'மிக நல்ல நிலையில் உள்ளது.' பச்சை டிக்.

டிரைவ் அவன் உள்ளங்கையில் இருந்தது.

"அக்கா, கையை எடு!"

"ஒரு போல்டரை அழிச்சுட்டேனேடா..."

"அது கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில கிடக்கும். எதையும் தொடாதே!"

டிரைவைத் திரும்பச் சொருகிப் படங்களைத் திறந்தான். பெயர்களெல்லாம் வரிசை பிசகாமல் இருந்தன. முதல் ஆல்பத்தில் எல்லோரும் பல் தெரியச் சிரித்தார்கள். நாலாவது ஆல்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கூந்தல் மட்டும் இருந்தது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சாம்பல்தான்.

திருப்புளி வெளியே வந்தது. மூடியை நெம்பினால், உள்ளே நாலு ஆல்பம்கூடக் கொள்ளாத நகமளவு மெமரி கார்டு ஒன்று. அதன் பக்கத்தில் பசை வைத்து ஒட்டிய இரண்டு இரும்பு நட்டுகள்.

"நீ எடை போட்டது இதைத்தானா?" என்றாள் அக்கா. நோண்டிக்குக் காது சிவந்தது. தராசு வைத்துப் பார்ப்பவர்களுக்காகவே போட்ட நட்டு அது. மாமா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழிந்த போல்டர் குப்பைத்தொட்டியிலிருந்து முழுசாக வந்தது. வாங்க வருகிறவருக்கு அக்காவே போன் போட்டாள். "கம்ப்யூட்டரை இப்போதைக்குக் கொடுக்கறதா இல்லைங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நோண்டி பழைய கம்ப்யூட்டரில் காதை ஒட்டிக்கொண்டு குனிந்திருந்தான்.

"இப்ப என்னடா?"

"உள்ள கரகரன்னு ஏதோ கேக்குதுக்கா. இதுவும் எத்தனை நாளைக்கோ."

"அப்ப எழுந்திரு. கடைக்கே நேர்ல போய் டிரைவ் வாங்கிட்டு வா. ரெண்டு."

"ரெண்டு எதுக்கு?"

"நீ சரின்னு சொல்ற ஒண்ணை நம்பி இனிமே நான் அழிப்பேனா?"