விழாமலே படுத்த டிரில் மாஸ்டர்

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். பேர் விருத்தாசலம். பையன்களை வெயிலில் ஓடவிட்டு, நிழலில் நாற்காலி போட்டு விசில் ஊதுவதே என் உடற்பயிற்சி. எண்பத்தொன்பதாம் வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் இடது தொடையில் வலி பிடித்தது. அடுத்து காய்ச்சல். பிறகு காலை ஊன்றவே முடியவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எங்க வுழுந்தீங்க மாஸ்டர்?"

எங்கும் விழவில்லை என்று சொல்ல வெட்கம். நாற்காலியில் உட்கார்ந்து காலைக் கெடுத்துக்கொண்ட டிரில் மாஸ்டரை யார் மதிப்பார்கள்? "உயரம் தாண்டிக் காட்டும்போது..." என்று இழுத்தேன். சொல்லச் சொல்ல, நான் தாண்டிய உயரம் கூடிக்கொண்டே போனது.

அதை நம்பி விழுப்புரத்தில் ஒரு வைத்தியர் எண்ணெய் போட்டு உருவிக் கட்டுப் போட்டார். நான் போட்ட கூச்சல் ஜங்ஷன் வரை கேட்டிருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருந்தது. கடைசியில் என் மனைவி வெள்ளையம்மாள் என்னை மெட்ராசுக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டரிடமும் நான் தாண்ட ஆரம்பித்தேன்.

"இன்னாத்த தாண்டினாரு?" என்று அவள் குறுக்கிட்டாள். "எங்கயும் வுழல சார். சும்மா குந்திக்கினு இருக்கும்போதே வந்த வலி. காய்ச்சலும் வுடமாட்டேங்குது. ஜல்தி பாருங்க சார்."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடிபடாம வலியும் காய்ச்சலும்னா அது வேற சங்கதி. எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம். காந்தத்தால உள்ள படம் பிடிக்கிற புது மெஷின்."

குழாய்க்குள் தள்ளியதும் நாலாபக்கமும் சம்மட்டி அடிக்கிற சத்தம். "ஆடாதீங்க" என்றது ஒரு குரல். அட்டென்ஷனில் நிற்கிற பையன் மூக்கைச் சொறிந்தாலே கத்துகிறவன் நான். என்னால் படுத்துக்கொண்டுகூட அசையாமல் இருக்க முடியவில்லை. படம் கலங்கிப்போய், மறுபடியும் எடுத்தார்கள்.

தொடைத் தசைக்குள் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. சீழ். ரத்தத்தோடு வந்த கிருமி அங்கே தங்கிவிட்டதாம். அதற்கு அடிபட வேண்டிய அவசியமே இல்லையாம். அன்று மாலையே கீறி எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அதுவரை மானத்துக்குப் பயந்தவனுக்கு அப்போதுதான் உயிர்ப்பயம் வந்தது.

ஊர் திரும்பியதும் வெள்ளையம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு தினமும் ரயிலடி வரை நடந்தேன். "இடது... வலது... மெதுவா" என்று அவள் சொல்லச் சொல்ல, பல வருஷம் கழித்து உண்மையாகவே டிரில் செய்தேன்.