நடுவில் நிறுத்தக் கூடாத கும்மி

அன்று பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: ஏழாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேர். அவர்களுக்கு நாடகம் பழக்கிய டீச்சர். பெரிய வாத்தியார். வேட்டியை மடித்துக் கட்டிய பள்ளிக் கமிட்டிக்காரர். பிறகு நான், உப்புமாக் கரண்டியோடு.

அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைத்தவள் நான். கல்லலுக்குப் பக்கத்து ஊர். வருஷம் அறுபத்தெட்டு என்று நினைப்பு. நான் படித்தது அஞ்சாவது. கும்மிக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கத் தெரியும். அதனால் டீச்சர் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

வருஷா வருஷம் ஆண்டு விழாவுக்கு ராஜா ராணி நாடகம்தான். அட்டைக் கிரீடம், ஜிகினா. டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. பெண்களை உட்கார வைத்து, "எதை நெனச்சா உங்களுக்குப் பயமா இருக்கு?" என்று கேட்டார். பேய், பாம்பு என்று சொல்வார்கள் என நினைத்தேன். தச்சாசாரி மகள் முதலில் வாயைத் திறந்தாள்.

"பெரிய மனுசி ஆயிட்டா பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவாக டீச்சர். எங்க அக்காவ நிப்பாட்டிட்டாக."

மற்ற ஐந்து பேரும் தலையை ஆட்டினார்கள். அதுவே நாடகம் ஆனது. வயதுக்கு வந்த பெண்ணைத் தாய்மாமன் ஓலைக் குச்சு கட்டி உள்ளே உட்கார வைக்கிறான். வெளியே பள்ளிக்கூட மணி அடிக்கிறது. தோழிகள் குச்சைச் சுற்றிக் கும்மியடித்து மாமனைக் கேள்வி கேட்கிறார்கள். பாட்டு நான் கட்டியது. குச்சுக்குள் இருப்பவளாக ஆசாரி மகள் நடித்தாள்.

அந்த ஒத்திகையைத்தான் கமிட்டிக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன கூத்து இது? சின்னப் புள்ளைக முன்னால இதையெல்லாமா ஆடுவீக?"

"நாளைக்கு இதுகளுக்கு வரப்போறதுதானேய்யா" என்றார் டீச்சர்.

"வந்தா அவுக ஆத்தா சொல்லிக் குடுப்பா. நீங்க கணக்கச் சொல்லிக் குடுங்க."

பெரிய வாத்தியார் தரையைப் பார்த்தார். நாடகம் நின்றது. அட்டைக் கிரீடத்தைத் தூசி தட்டச் சொன்னார்கள். கரண்டியை அந்த ஆள் மேல் எறிந்திருக்கலாம். எறியவில்லை.

அடுத்த வாரமே ஆசாரி மகள் வயதுக்கு வந்தாள். மாமன் ஓலை வெட்டி வந்து குச்சு கட்டினான். புத்தகப் பை பரணுக்குப் போனது. டீச்சர் வீட்டுக்கே போய்க் கேட்டார். "படிச்சது போதும்மா" என்றார் ஆசாரி.

சடங்கன்று கும்மிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். யோசித்தால் கைத்தட்டு தப்பிப் போகும். தொடங்கிய கும்மியை நடுவில் நிறுத்தவும் கூடாது. பெண்ணுக்கு ஆகாது என்பார்கள்.

பணியாரத்துக்காக வந்த பள்ளிப் பிள்ளைகள் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தன. நான் நாடகப் பாட்டையே எடுத்தேன்.

"ஓலை வெட்டிக் குச்சு கட்டி ஒக்கார வச்ச மாமா,
ஏழு வருசம் படிச்ச படிப்பு ஒருநாள்ல போமா?"

வட்டத்தில் இருந்த அத்தனை பெண்களும் திருப்பிப் பாடினார்கள். பாடிய பிறகுதான் என்ன பாடினோம் என்று உறைத்தது. ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி என்னை முறைத்தாள். கையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

வாசலில் இருந்த கமிட்டிக்காரர் எழுந்து வந்தார். "ஏத்தா, நிப்பாட்டுங்க!"

பெண்ணின் ஆத்தா கை தட்டிக்கொண்டே சொன்னாள்: "நடுவுல நிப்பாட்டச் சொல்றீகளே, எம்மகளுக்கு என்ன ஆகணும்னு நெனைக்கிறீக? அங்குட்டுப் போயி வெத்தலயப் போடுங்க."

பிள்ளைகள் ஓவென்று சிரித்தன. அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

அப்போது மணையிலிருந்து பெண் எழுந்தாள். மாலை, புதுச் சேலை. எழக் கூடாதுதான். வட்டத்துக்குள் வந்து நின்று, நாடகத்தில் தனக்கு இருந்த வசனத்தைச் சொன்னாள்.

"மாமா, எனக்கு எட்டாம் வகுப்புப் படிக்கணும்."

மாமன் பன்னீர்ச் செம்பைப் பிடித்தபடி அக்காள் புருஷனான ஆசாரியைப் பார்த்தான். ஆசாரி எழுந்து வந்து மகளின் தோளைத் தொட்டு மணையில் உட்கார வைத்தார். அதட்டவில்லை. என்னிடம் திரும்பினார்.

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. வைகாசில கல்யாணம் வச்சிருக்கு. சாப்பிட்டுப் போத்தா."

நான் சாப்பிடவில்லை. காதில் விழாதவனுக்கு இன்னொரு தரம் பாடலாம். விழுந்தும் நல்லா இருக்கு என்கிறவனை என்ன செய்வது?

கல்யாணம் சொன்னபடி நடந்தது. டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தது. உப்புமாவுக்கு வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணுவது என் வேலை. எட்டாம் வகுப்பில் ஆசாரி மகள் இல்லை. ஏழாவதில் ஆறு பேராக இருந்த பெண்கள், இரண்டு.