சாய்வு சைக்கிளும் ஊசியம்மாவின் முதுகும்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஊசியம்மா. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பது வேலை. கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, "உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் குப்பி நிறைந்திருக்கும். வருடக்கணக்காகக் குனிந்தே செய்த வேலை கழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வேலையை விடச் சொல்லல. சைக்கிளை விட்டுடுங்க. குனிஞ்சு உக்காந்து தலையை நிமித்திப் பாக்குறீங்க இல்ல, அதுதான் கழுத்துக்கு எமன்."

சைக்கிளை விட்டால் வேலைக்குப் போக பஸ்தான். பஸ்ஸில் ஏறி நாலு தெரு தாண்டுவதற்குள் அவளுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும். சில நாள் நடந்து பார்த்தாள். வேலைக்குப் போய்ச் சேரும்போதே கால்கள் துவண்டன.

அப்போதுதான் கொழுந்தன் வந்தான். லிப்ட் பழுது பார்க்கிறவன். ஆளே லிப்ட் போல உயரம். "அண்ணி, எங்கிட்ட ஒரு சைக்கிள் சும்மா கெடக்கு. குனியவே வேண்டாம், சாஞ்சுக்கிட்டே ஓட்டலாம்" என்றான். ஆசைப்பட்டு வாங்கி, நாலு தரம் ஓட்டி, சுவரில் மாட்டி வைத்திருந்தானாம். மறுநாளே கொண்டுவந்து இறக்கினான். தாழ்வான இருக்கை, வலைத்துணி போட்ட சாய்மானம், கால்களை முன்னால் நீட்டி மிதிக்கிற பெடல். அவள் கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தலையணை எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

இருக்கை கொழுந்தனின் கால் அளவுக்கு இருந்தது. அவளுக்குப் பெடல் எட்டவே இல்லை. இருக்கைக்கு அடியில் ஒரு தண்டு ஓடியது. இரண்டு திருகைத் தளர்த்தினால் அதன்மேல் இருக்கை முன்னும் பின்னும் நகரும். முதலில் நன்றாக முன்னால் தள்ளிக்கொண்டாள். மிதிக்கும்போது முழங்கால் முகத்துக்கு நேரே வந்தது. சில நாளில் முட்டி வலி பிடித்துக்கொண்டது. சரி என்று பின்னால் தள்ளினாள். இப்போது நுனிக்காலால் எட்டி மிதிக்க வேண்டியிருந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. சாய்மானத்தை இன்னும் சரித்துப் பார்த்தாள். வானம் நன்றாகத் தெரிந்தது, சாலை தெரியவில்லை. இதற்கு நடுவில் கழுத்து வலி ஒரு துளியும் குறையவில்லை. தலைவலியோடு திருகுவலியும் சேர்ந்த கதை என்று மனம் விட்டுப்போனது.

"இதைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் கணவரின் அக்கா, அடுத்த தெருவில் வீடு. அவர் பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அதனாலேயே ஊசியம்மா அவரிடம் அளந்துதான் பேசுவாள்.

"எங்க, உக்காந்து காட்டு."

நாத்தனார் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி உட்கார்ந்து பெடலில் கால் வைத்தாள். நாத்தனார் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு கையை அவள் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் விட்டார். கை முழுசாக உள்ளே போனது.

"நீ எங்கம்மா சாஞ்ச? கைப்பிடியில தொங்கிக்கிட்டு இருக்க. இதுல சீட்டைக் குத்தம் சொல்றியா?"

"சாஞ்சுதான் இருக்கேன், அக்கா."

"ரத்தம் எடுக்க வர்றவங்களும் இப்படித்தான் வெறைச்சுக்கிட்டு உக்காந்து, சாஞ்சுட்டேன்னு சொல்வாங்களா?"

ஊசியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒரு மாதிரி கூச்சமா இருக்கு, அக்கா. நடுரோட்டுல காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போறா பாருன்னு சொல்வாங்க இல்ல?"

"சொல்றவங்க வந்து உன் கழுத்தைப் பிடிச்சு விடப் போறாங்களா?"

ஊசியம்மா மூச்சை விட்டு, இடுப்பை இருக்கையின் ஆழம் வரை தள்ளி, தோளைத் தளர்த்தி முதுகைக் கொடுத்தாள். வலைத்துணி லேசாக அமுங்கித் தாங்கிக்கொண்டது. பெடல் இரண்டு விரற்கடை தூரம் போய்விட்டது. இத்தனை நாளும் சாயாத முதுகுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இருவரும் வாசலில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார்கள். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளும்படி இருக்கையை நகர்த்தினார்கள். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி கொஞ்சம் மடங்கி நின்றது. சாய்மானத்தைச் சற்று நிமிர்த்தியதும் தலையைத் தூக்காமலே இரண்டு பாதங்களுக்கு நடுவில் சாலை தெரிந்தது. கையெல்லாம் கறுப்பு கிரீஸ். திருகை முடுக்கிய நாத்தனார், "இனிமே இதைத் தொட்டே, அப்புறம் இருக்கு உனக்கு" என்றார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பக்கத்தில் லாரி வந்தால் உடம்பு தானாக முன்னால் எழும்பும். வேண்டுமென்றே முதுகைத் திரும்பவும் சாய்த்துக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருக்கும் மேம்பாலம்தான் பெரிய பாடு. பழைய சைக்கிளில் எழுந்து நின்று மிதித்து ஏறிவிடுவாள். இதில் அது நடக்காது. முதல் வாரங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். அப்புறம் சின்ன கியரில் போட்டு, நத்தை மாதிரி என்றாலும், சாய்ந்தபடியே ஏறப் பழகினாள். சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "தூக்கம் வராதா இதுல?" என்று கேட்டார். "வந்தா ஹாரன் அடிச்சு எழுப்பிடுங்க" என்றாள்.

விரல்களின் மரமரப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மீதிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாள். நாத்தனாரிடம் அளந்து பேசுவதும் எப்படியோ நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீடுவரை சைக்கிளிலேயே போகிறாள். போன வாரம் நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் ஒரு தரம் உக்காந்து பாக்கறேன், பிடிச்சுக்க" என்றார். ஊசியம்மா இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.