கல்யாணக் கார்டில் ஒரு கம்பஸ்

போன ஞாயிறு, காலை பத்து மணி இருபது நிமிடம். கொழும்பு வெள்ளவத்தையில் என் தங்கை வீட்டில் கல்யாணப் பேச்சு. நிமிடம் எதற்கு என்கிறீர்களா? எதையும் குறித்துவைக்கிற ஆள் நான். அன்று அந்தப் பழக்கம் ஒரு கல்யாணத்தையே குழப்பப் பார்த்தது!

தங்கை மகள் தர்ஷினிக்கும் கொட்டாஞ்சேனை மாப்பிள்ளைக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிற்று. சாதகமும் பொருந்திவிட்டது. மீதி, கார்ட் அடிப்பதுதான். நம்மவர் கார்டில் பெயரைவிடப் பட்டம் நீளமாக இருக்குமே... அங்கேதான் சிக்கியது.

மாப்பிள்ளையின் தகப்பன் வேலையிலிருந்து இளைப்பாறிய என்ஜினியர். தர்ஷினி படித்ததோ காலி வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேலே, நாலாம் மாடியில். பட்டம் மட்டும் லண்டன் பல்கலைக்கழகத்தினது. பல்கலைக்கழகத்துக்கு நம்மவர் பேச்சில் 'கம்பஸ்' என்று பெயர்.

"அது கம்பஸ் இல்லைப் பிள்ளை, டியூட்டரி, டியூசன் குடுக்கிற இடம். கம்பஸ் எண்டால் மரம் இருக்கவேணும், ஹொஸ்டல் இருக்கவேணும்," என்றார் தகப்பன்.

"லிஃப்ட் இருக்குது அங்கிள்," என்றாள் தர்ஷினி.

அவர் சிரிக்கவில்லை. "கார்டைப் பார்த்தால் என்னோட படிச்சவங்கள் என்ன நினைப்பாங்கள்? யோசிச்சுச் சொல்லுறம்."

'யோசிச்சுச் சொல்லுறம்' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் — வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்வது. தங்கையின் முகம் வெளுத்துப்போனது.

எனக்கோ வேறு நமைச்சல். என்ஜினியரைக் கேட்டேன்: "நீங்கள் எந்த வருஷம் கம்பஸுக்குப் போனனீங்கள்?" சொன்னார். விரல்விட்டு எண்ணினேன். "அப்ப நாலு வருஷத்தில முடிச்சிருக்க ஏலாதே! இடையில நாட்டுக் குழப்பத்தில கம்பஸ் எல்லாம் வருஷக்கணக்கில பூட்டிக் கிடந்ததெல்லோ?"

தங்கை மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. "எட்டு வருஷம் அண்ணை! பூட்டிக் கிடந்த நேரத்திலதான் எங்கட கல்யாணம். பட்டமளிப்புப் படத்தில இவர் கறுப்பு கவுனோட நிக்கிறார். இந்தா, இவன் என்ட இடுப்பில இருந்து அழுறான்!"

மாப்பிள்ளை கைத்தொலைபேசிக்குள் தலையைப் புதைத்தார்.

யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் குருமாரை உருவாக்கியது. பிறகு வெள்ளைக்காரனுக்கு உத்தியோகத்தர்களை. அதன்பின் டொக்டர், என்ஜினியர். இப்போது பாதிப் பேருக்கு அது வீசாவுக்கு வழி. காலம் கேட்டதையெல்லாம் மாறிமாறிச் செய்து கொடுத்திருக்கிறது. நம்மிடம் மட்டும் அதற்கு மாறாத ஒரு வேலை — கல்யாணக் கார்டில் இரண்டாவது வரி!

என்ஜினியர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "சரி... பட்டத்தை மட்டும் போடுவம். எங்க படிச்சதெண்டு போடத் தேவையில்லை."

"ஓம் அங்கிள். உங்கட பேருக்குப் பின்னாலயும் பட்டத்தை மட்டும் போடுவம். எத்தனை வருஷமெண்டு போடத் தேவையில்லை," என்றாள் தர்ஷினி.

இந்த முறை அவரே முதலில் சிரித்தார்.

வரலாறு குறிப்பவனாக நான் இதை ஆட்சேபித்திருக்க வேண்டும். தாய்மாமனாக, வாயை மூடிக்கொண்டு இன்னொரு வடை எடுத்தேன்.