மஞ்சள் கோட்டுக்குள் மக்டலீன்

குருநகர்க்காரர் என்றாலே தொண்டை பெரிது என்று நினைப்பவர்கள் சந்தியோகு அண்ணையைப் பார்க்கவேண்டும். கடற்றொழிலை விட்டு, எங்கள் நண்டுத் தொழிற்சாலையில் ஐஸ் இறக்கும் வேலைக்கு வந்தவர். அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவருக்கும் சேர்த்துக் கதைத்தவள் அவருடைய மனைவி மக்டலீன். அவளும் எங்களோடு நண்டு பொதி செய்தவள்தான்.

தொழிற்சாலை பெரிதானபோது பெட்டிகளை அடுக்க ஓர் இயந்திரக் கை வந்தது. நாங்கள் அதற்குக் கையன் என்று பெயர் வைத்தோம். கையனைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டினால், கழுத்தில் தொங்கும் அட்டையை வைத்து இன்னார் என்று அறிந்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு மூன்று தரம் எச்சரிக்கும். உள்ளே இருக்கும் சிவப்புக் கோட்டையும் தாண்டினால்தான் முழுதாக நிற்கும். வந்த புதிதில், “அபாயப் பகுதியை விட்டு உடனடியாக வெளியேறவும்” என்று செய்தி வாசித்தது. எங்களில் ஒருத்தியும் அதைச் சட்டை செய்யவில்லை.

இணுவிலில் இருந்து வருகிற பொறியியலாளர் கஜீபன் கெட்டிக்காரப் பெடியன். மக்டலீனைக் கூப்பிட்டு, எங்கள் எல்லாருடைய பெயரையும் அவள் வாயால் சொல்லவைத்துக் கையனில் பதிந்தான். “மார்கிரட், விலகு பிள்ளை!” என்று அவள் அதட்டினால் யாருக்குத்தான் கால் பின்னுக்குப் போகாது? அந்த வருசம் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

போன மாரியில் டெங்கு மக்டலீனைக் கொண்டுபோய்விட்டது. செத்தவீடு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, நல்ல பட்டப்பகலில், மார்கிரட் யோசனையில்லாமல் கோட்டை மிதித்தாள்.

“மார்கிரட், விலகு பிள்ளை!”

வேலை அப்படியே நின்றுபோனது. அதே அதட்டல், சிரிப்பை அடக்கிக்கொண்டு அதட்டுகிற அதே குரல். மார்கிரட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் இருக்கிறது. செத்தவரின் குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் திறக்கக்கூடாது, அசையவும் கூடாது. மூன்று தரம் கூப்பிட்டால்தான் உயிருள்ள ஆள். முதற் கூப்பாட்டுக்கு அசைந்தவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அது இயந்திரம் என்று எங்கள் மூளைக்குத் தெரியும். கால்களுக்கு அதை யார் சொல்வது?

ஒருநாள் லவீனா, விழுந்த பெட்டி மூடியை எடுக்கக் கோட்டுக்குள் போனாள். “லவீனா, விலகு பிள்ளை!” அவள் குனிந்தபடியே மரமாக நின்றாள். கையன் வேகம் குறைந்து மெதுவாகத்தான் வந்தான். மெதுவாக வந்தே, பிடித்திருந்த பெட்டியால் அவளைப் பெட்டி அடுக்கும் ராக்கையோடு சேர்த்து நெரித்தான். இரண்டாவது கூப்பாடு வந்தபோது அவளுடைய காறை எலும்பு முறிந்திருந்தது.

கஜீபன் முதலில் செய்த வேலையைக் கேளுங்கள். அவளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொன்னான்! பிறகுதான் கமராப் பதிவுகளைப் போட்டுப் பார்த்து, என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, இதைப் பாருங்கோ. மக்டலீன் அக்கா செத்தாப் பிறகு, கூப்பிட்ட உடனை எல்லாரும் சிலை மாதிரி நிக்கிறியள். ஏன்?”

சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

“அப்ப, ஆளைக் காக்க வச்ச குரல் ஆளைக் கொல்லப் பாக்குது. அதை எடுக்கத்தான் வேணும். ஆனால் அண்ணையிட்டை எப்பிடிக் கேக்கிறது?”

அவன் தயங்கியதில் நியாயம் இருந்தது. சந்தியோகு அண்ணை ஒவ்வொரு நாளும் மத்தியானம், கையன் ஓய்ந்து நிற்கும் நேரத்தில், வேண்டுமென்றே மஞ்சள் கோட்டுக்குள் போய் நிற்பார். எங்கள் எல்லாரையும் பெயர் சொல்லிப் பதிந்த மக்டலீன், புருசன் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடித்திருந்தாள். அவருக்கு, “இஞ்சேருங்கோ, தள்ளி நில்லுங்கோ.” அவ்வளவுதான். அவர் வாய் திறக்காமல் மூன்று தரமும் கேட்டுவிட்டு, வந்து சோற்றுப் பார்சலைப் பிரிப்பார். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம். பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் மனமில்லை.

கஜீபன் கேட்டபோது நானும் நின்றேன். குரலைக் கைபேசியில் ஏற்றித் தருவதாகவும் சொன்னான்.

“கலியாண வீடியோவிலைகூட அவள் கதைக்கேல்லை, பாட்டுத்தான் ஓடுது,” என்றார் அண்ணை. “ஆனால் போனிலை கேட்டால் அது ரேடியோ, தம்பி. இஞ்சை நான் நிக்கிறதைக் கண்டெல்லோ கூப்பிடுறாள்.”

அவர் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. அழிக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அன்று பின்னேரம் ஆசுபத்திரிக்குப் போய் லவீனாவின் கட்டிலருகே நெடுநேரம் இருந்தாராம்.

அடுத்தநாள் காலை வந்ததும் சொன்னார். “மக்டலீன் ஒருத்தரையும் நோகடிக்கமாட்டாள். எடுத்துப்போடும். அதுக்கு முதல் ஒருக்கா நான் போயிட்டு வாறன்.”

கையனின் அசைவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். நாங்கள் எல்லாரும் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றோம். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கோட்டைத் தாண்டி நடுவில் போய் நின்றார்.

“இஞ்சேருங்கோ, தள்ளி நில்லுங்கோ.”

முதற் கூப்பாடு. என் பக்கத்தில் மார்கிரட் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது வரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

“ஓம், வாறன்,” என்றார். அந்த மனிசனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

மார்கிரட் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவர் வெளியே வந்து, கழுத்து அட்டையைக் கழற்றிக் கஜீபனின் கையில் கொடுத்தார்.

“இனி அழிச்சுவிடும், தம்பி.”