தாகஞானியின் வயிற்றுக்குள்

வாயை மூடிக்கொண்டு செய்யும் வேலைகளிலேயே கொடியது, இயந்திரமாக வேலை பார்ப்பது. வாய்பொத்திச் சம்பளம் வாங்கும் தோழர்களே, உங்களுக்குப் புரியும்.

பொன்முடி எஸ்டேட் வாசலில் கோஷம் போட்டே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவன் நான். நாங்கள் தோற்றோம், எங்கள் தலைவர்கள் ஜெயித்தார்கள். பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு கண்காட்சியில் வேலை கிடைத்தது. பிரபலமான விண்வெளித் தொடர் ஒன்றில் 'தாகஞானி' என்றொரு இயந்திரம் வரும். முன்னால் நின்றால் போதும், மனதைப் படித்து, விரும்பிய பானத்தைக் கொடுத்துவிடும். அதே மாதிரி ஒன்றைச் சஜி என்பவர் தகரத்தில் செய்து வைத்திருந்தார். மனதைப் படிக்கும் பாகம் நான். உள்ளே ஒரு ஸ்டூல், சில பிளாஸ்க்குகள், எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை. சஜி முதல் நாளே சொல்லிவிட்டார்: "அண்ணா, ஒரு சத்தம் வெளிய கேட்டா அன்னிக்கே ஜோலி போச்சு, கேட்டோ!"

விரதம்

ஸ்ரீவராகம் அக்ரகாரத்து மாமி ஒருவர் மருமகளோடு வந்து நின்றார். மடிசார், வைரமூக்குத்தி. யோசிக்கவே இல்லை, காபியைத் தள்ளிவிட்டேன். மாமியின் முகம் மாறியது. வேலை போயிற்று என்று நினைத்தேன். ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார். பிறகு மருமகளிடம் மெல்லச் சொன்னார்: "இன்னிக்கு ஏகாதசி, காபியைத் தொடறதில்லேன்னு இருந்தேன். மனசுல ஒளிச்சு வச்சதை இது எப்படிடி கண்டுபிடிச்சுது?"

புகை

கூட்டம் இல்லாத நேரம் பார்த்து ஒரு பீடி பற்றவைத்தேன். புகை இயந்திரத்தின் தலைவழியே போயிருக்கிறது. வெளியே கைதட்டல். கல்லூரிப் பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பின்கதவைத் திறந்த சஜியைப் பார்த்ததும் பீடியை மறைத்தேன். அவர் சொன்னார்: "அடிபொளி எஃபெக்ட் அண்ணா! நாளைக்கும் விடணும்."

மறியல்

ஒருநாள் பக்கத்து டீக்கடைத் தொழிலாளிகள் கொடியோடு வந்தார்கள். முன்னால் முருகேசன், என் பழைய எஸ்டேட் தோழன். "உழைப்பவன் சோற்றில் மண்ணைப் போடும் மெஷினே, வெளியேறு!" என்றான். மானேஜருக்கு எதிராக நான் எழுதிய கோஷம் அது. மானேஜரை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டிருந்தான், படுபாவி. பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து அவன் "இன்குலாப்!" என்றான். அதற்கு மேல் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஜிந்தாபாத்!" என்றது தாகஞானி.

முருகேசன் கோப்பை வரும் துவாரத்தில் குனிந்து, "சகாவே, நீங்களா?" என்றான். பின்கதவைத் திறந்த சஜி, "இறங்குங்க அண்ணா, ஜோலி போச்சு" என்றார். நான் இறங்குவதற்குள் முருகேசன் கொடியை உயர்த்திக் கத்தினான்: "டேய், கோஷத்தை மாத்துங்கடா! மெஷினை வெளியேற்றாதே!"

ஆயுள் முழுக்க நான் கண்ட போராட்டங்களில் ஒரு வேலையைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்றுதான், அதில் நான் மெஷின் கட்சி.